வெளியே தெரியாத தையல்

விதை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மிஷினில் போட்டு உடைக்கக் கூடாது. பருப்பின் மேல்தோல் உரிந்துவிடும். தோல் உரிந்தது மண்ணுக்குள் போனால் முளைக்காது, அழுகிப்போகும். அதனால் ஆனி பிறந்ததும் திருவண்ணாமலையில் பே கோபுரத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளில் வீட்டுக்கு வீடு மூட்டை இறங்கும். பெண்கள் காயின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முனையைக் கட்டைவிரலால் அழுத்தி உடைப்பார்கள். மாலைக்குள் நகத்தடி எரியத் தொடங்கிவிடும். மேற்கே மலை நிற்பதால் அந்தச் சந்தில் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். தேரடியில் பளீரென்று காய்ந்துகொண்டிருக்கும்போதே இங்கே நிழல் படிந்து, ஈரத் தோட்டின் மண் வாசனை எழும்பும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து ஆனியில் சந்திரம்மாளும் அவள் மகள் பொன்னியும் அப்படித்தான் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு நூரைன் தையல் மிஷினை வாசலுக்கு இழுத்துப்போட்டு ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நூரைனு, இடுப்பு மறையறாப்பல ஜாக்கெட் தைக்க முடியுமாடி?" என்று சந்திரம்மாள் கேட்டாள்.

"எந்த இடுப்பு? உன்னுதா? அத மறைக்க ஜமுக்காளம்தான் வேணும்க்கா."

"வெளையாடாத. பொன்னிக்குக் கேக்குறேன். இதோ, வெலாவுக்குக் கீழ, இங்கேர்ந்து முதுகு வரைக்கும் ஒரு தழும்பு இருந்தா, மறையுமா?"

நூரைன் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "இன்னும் வராத தழும்புக்கு இப்பவே அளவு எடுக்குறியா? அந்தப் பொண்ணு மூஞ்சப் பாருக்கா."

பொன்னி முகத்தைக் காட்டவில்லை. குனிந்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணன் மாறனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது வேலூருக்கு பஸ்ஸில் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு டம்ளரில் ஊற்றி வைத்துவிடுவார்கள். அவன் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். தினமும் காலையில் பொன்னி அவன் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழும். குழி நிரம்ப நேரமானால் உடம்பில் தண்ணீர் ஜாஸ்தி என்று அர்த்தம். மல்லாட்டை உடைத்துக் காய்த்துப்போன அந்த விரலுக்கு அவன் கால் ஊறவைத்த காயைப் போலத் தெரியும்.

அப்பா இல்லை. சந்திரம்மாளுக்குச் சர்க்கரை, அவளுடையதை எடுக்க முடியாது என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை, புருஷன் செத்தபோதுகூட அழுததில்லை. பொன்னியுடையது பொருந்தியது. டாக்டர் பொன்னியைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அது நிஜம்தான். அவளுக்கு அண்ணன் வேண்டும்.

அடுத்த தடவை போனபோது அவரே இரண்டு வழிகளையும் சொன்னார். பழைய வழியில் விலாவுக்குக் கீழே நீளமாக அறுப்பார்கள். புது வழியில் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, காற்றை நிரப்பி, கேமராவை உள்ளே விட்டு, டி.வி.யைப் பார்த்தபடியே வேலை செய்வார்கள். கடைசியில் அடிவயிற்றில் குறுக்காகச் சின்னதாக ஒரு வெட்டு. சிறுநீரகத்தைப் பைக்குள் போட்டு அது வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். வலி கம்மி, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்றார். எடுத்த பிறகு வருஷா வருஷம் பிரஷர் பார்க்க வேண்டும், நாளைக்குக் கல்யாணமாகி மாசமானால் முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

சந்திரம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் கீழ் வெட்டு பொடவைக்குள்ள போயிடுங்களா?"

"போயிடும்மா. வெளிய தெரியாது."

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது பொன்னிக்கும் தெரியும். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் ஜோதியம்மாள் அத்தை, செத்துப்போன அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள் மகன் அறிவுச்செல்வனுக்குத்தான் பொன்னி என்று பூ வைத்தாகிவிட்டது. தையில் கல்யாணம். அறிவு உரக்கடையில் வேலை செய்கிறான். வரும்போதெல்லாம் மாறனுக்கு ஏதாவது பழம் வாங்கி வருவான். மாறனுக்கு எந்தப் பழமும் ஆகாது என்று தெரிந்ததும் வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பான். அந்தக் கூச்சம் பொன்னிக்குப் பிடித்திருந்தது.

"அறிவு மாமாகிட்ட மட்டும் சொல்லிடலாம்மா," என்றாள் பொன்னி.

"சொல்லு. சொல்லிட்டு ஆயுசுக்கும் இங்கயே ஒக்காந்து மல்லாட்ட ஒடை. ஒண்ணு இல்லாத பொண்ண எவ வூட்டுக்குள்ள சேத்துப்பா?"

உள்ளே படுத்திருந்த மாறன், "யம்மா, எனக்கு வேணாம். வுட்ரு," என்றான்.

"நீ வாய மூடிக்கினு படு."

*

ஆடிக் காற்று ஓய்வதற்குள் எல்லாம் முடிந்தது. மாறனுக்கு ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் வந்துவிட்டது என்று சொன்னார்கள். பொன்னிக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. உள்ளே அடைத்த காற்று மிச்சமிருந்து அங்கே வந்து குத்துகிறது என்று நர்ஸ் சொன்னாள். தொப்புளுக்குப் பக்கத்தில் துளைகள் கொசுக்கடி மாதிரி இருந்தன. அடிவயிற்றுத் தையலை அவள் குனிந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஜோதியம்மாள் பார்க்க வந்தாள். கையில் பெரிய தூக்குவாளி. துணி போர்த்திக் கொண்டுவந்திருந்தாள்.

"யாருது அண்ணி வச்சாங்க? யார்னா செத்தவங்களுதா?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். யாரோ விபத்தில் போனவர்களுடையது என்று சொல்வதாக ஏற்பாடு. ஆனால் சந்திரம்மாள் மகனைப் பார்த்தாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அவன் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னுதுதான் ஜோதி," என்றாள்.

பொன்னி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சந்திரம்மாளின் கை தானாகவே இடுப்புக்குப் போயிருந்தது. முகத்தில் பொய் சொல்கிறவளின் களை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைக்காத ஒன்றை இப்போது கையில் வாங்கிக்கொண்டவள் போலத்தான் இருந்தாள்.

"அடிப்பாவி அண்ணி! சக்கரைய வச்சிக்கினா குடுத்த?"

"பெத்தவ குடுக்காம யாரு குடுப்பா?"

ஜோதியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தூக்கைத் திறந்தாள். ஆட்டுக்கால் சூப்பு. மிளகு வாசனை வீடு முழுக்கப் பரவியது. "மாறனுக்குனுதான் எடுத்துனு வந்தேன். அவன் கெடக்கட்டும், நீ குடி. ஒடம்புல இருந்து அறுத்துக் குடுத்தவ நீ." டம்ளரில் ஊற்றித் தன் கையாலேயே குடிக்க வைத்தாள். சந்திரம்மாள் குடித்தாள். ஒரு மடக்குக்கும் இன்னொரு மடக்குக்கும் நடுவில் மகளைப் பார்த்தாள், பிறகு டம்ளரைப் பார்த்தாள்.

"பொன்னி, இன்னாடி செவுத்துல சாஞ்சிக்கினு நிக்குற? அம்மாவால தூக்க முடியாது. கொழாயில தண்ணி வருது பாரு, போ," என்றாள் ஜோதியம்மாள்.

சந்திரம்மாள் டம்ளரை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனாள். பொன்னி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நிறைந்த குடத்தைக் குனிந்து தூக்கும்போது கீழே தையலைப் பிடித்து யாரோ இழுப்பதுபோல் இருந்தது. குடத்தை இடது இடுப்பில்தான் வைத்துப் பழக்கம். அந்தப் பக்கம்தான் எடுத்திருந்தார்கள். அவள் குடத்தை வலது பக்கம் மாற்றிக்கொண்டு, பழகாத நடையில் நடந்து வந்தாள். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த நூரைன் எழுந்து வந்து குடத்தைப் பிடுங்கினாள்.

"ஏன் நூரைனு, எங்க பொண்ணு தூக்க மாட்டாளா?" என்று ஜோதியம்மாள் சிரித்தாள்.

"எனக்குத் தண்ணி வேணும்மா. அதான் புடுங்கிக்கினேன். உங்க மருமகள நான் இன்னா தின்னா பூட்டேன்?"

நூரைன் அந்தக் குடத்தைத் தன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள். பொன்னி மறுபடியும் குழாய்க்குப் போக வேண்டியிருந்தது. கட்டிலில் இருந்த மாறன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சந்திரம்மாள் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து நடக்கப் பழகிவிட்டாள். சந்தில் போகிற வருகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். யாரும் பார்க்காதபோதும் அவள் அப்படியே நடந்தாள்.

*

தையில் கல்யாணம் நடந்தது. அறிவு அந்தத் தழும்பைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டான். "வயித்துல ஒரு கட்டி. சின்ன ஆபரேஷன்," என்றாள். "வலிக்குதா இப்ப?" என்று கேட்டான். இல்லை என்றதும் விட்டுவிட்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா பொய்க்காரி ஆவாள். கட்டிக்கொண்டு வந்த சில நாளில் எந்தப் பெண்ணால் அது முடியும்?

அடுத்த வருஷ ஆனியில் கீழ்பென்னாத்தூர் வீட்டிலும் விதை மல்லாட்டை உடைத்தார்கள். இந்த முறை சொந்த நிலத்துக்கு. பொன்னிக்கு அப்போது மாசம் ஏறியிருந்தது. வயிறு லேசாகத் தெரிந்தது. ஜோதியம்மாள் அவளை உடைக்க விடவில்லை. "நீ ஒக்காந்து பச்சையா பருப்பு தின்னு. பேரன் வழுவழுன்னு பொறப்பான்."

அத்தையே அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். நர்ஸ் வேதா அந்த ஊரில் வெகுகாலமாக இருப்பவர். எல்லோரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார். பொன்னியைப் படுக்க வைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் புடவையைக் கீழே தளர்த்தினார். கை நின்றது.

"மொத கொழந்த ஆபரேஷன்தானா? அது எத்தன வயசாவுது?"

திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஜோதியம்மாள் உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"இல்லீங்க. இதான் மொதல்ல," என்றாள் பொன்னி.

"அப்ப இது இன்னா? அடிவயித்துல குறுக்கால இப்டி தையல் போட்டா அது கொழந்தைய எடுத்ததுதானே?"

பொன்னி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் வாய் பழகிப்போன வழியிலேயே போனது.

"கட்டிங்க. கட்டி இருந்துச்சி."

"கட்டியா," என்றார் வேதா. அவர் ஜோதியம்மாளையும் பார்த்தார். பேசியிருக்கக் கூடாதோ என்று தோன்றியவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். "பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியா காட்டுது. பஸ்ல நின்னுக்கினே வந்தியா? உப்பக் கம்மி பண்ணு. வர வாரம் வந்து காட்டு."

வெளியே வந்ததும் ஜோதியம்மாள் திட்டவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. கடையில் நின்று வெற்றிலை வாங்கினாள், மடித்து வாயில் போட்டாள், மென்றாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"அத்த, எங்க?"

"உங்கம்மா வூட்டுக்கு."

திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மலை முதலில் சின்னதாகத் தெரிந்து, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வந்து ஜன்னலை அடைத்தது.

*

சந்திரம்மாள் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியைப் பார்த்ததும் வழக்கம்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வா ஜோதி. இன்னா திடுக்குனு?"

"ஒண்ணு கேக்கணும் அண்ணி. உம் பொண்ணு இதுக்கு முன்னால எங்க பெத்தா?"

எதிர்வீட்டில் தையல் மிஷின் நின்றது.

"இன்னாடி பேசுற நீ!"

"நர்ஸம்மா வயித்தப் பாத்துட்டுக் கேக்குது. கொழந்த எடுத்த தையலுனு சொல்லுது. போன வருசம் ஆடில நீங்க மூணு பேரும் மெட்ராஸ்ல இருந்தீங்க. பையனுக்கு வைத்தியம் பாக்கவா போனீங்க, இவளுக்கா?"

"கட்டி ஜோதி. கர்ப்பப்பைல கட்டி. பொண்ணாச்சேனு வெளிய சொல்லல."

பொன்னி அம்மாவையே பார்த்தாள். ஒரு பொய்யை மறைக்க அதைவிட மோசமான பொய்யை அம்மா எடுத்து நீட்டுகிறாள். பொன்னி கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

மாறன் உள்ளேயிருந்து வந்தான். கன்னம் கொஞ்சம் உப்பி, ஆள் தேறியிருந்தான். ஆட்டோவுக்குப் போகத் தொடங்கியிருந்தான். காக்கிச் சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஜோதியம்மாளின் முன்னால் வந்து நின்றான்.

"அத்த, கையக் குடு."

"எதுக்குடா?"

அவள் கையை இழுத்துத் தன் வலது அடிவயிற்றில், நீளத் தழும்புக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினான். தோலுக்குக் கீழே ஒரு மூடிய கைப்பிடி அளவுக்கு ஏதோ கெட்டியாக இருந்தது.

"தட்டுப்படுதா? இது பொன்னியோட கிட்னி. அம்மாது இல்ல. தொளை போட்டு, அந்த வெட்டு வழியாத்தான் எடுத்தாங்க. அவ எதையும் பெத்துட்டு வரல. என்னைய வேணா பெத்தானு வச்சிக்கோ."

ஜோதியம்மாள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். சந்திரம்மாளைப் பார்த்தாள்.

"என் சூப்ப குடிச்சியே அண்ணி."

சந்திரம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"இந்தப் பொண்ணு செவுத்துல சாஞ்சி நிக்குது, இது எதிர்ல ஒக்காந்து குடிச்சியே. நான் வேற இவளத் தண்ணிக்குத் தொரத்தினேன். ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நீ கட்டிப்பியாடி இவள?" சந்திரம்மாளின் குரல் உடைந்தது. "நெஞ்சத் தொட்டு சொல்லு ஜோதி. கட்டிப்பியா?"

ஜோதியம்மாள் வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"சரி, குடுத்தாச்சி. இப்ப இவ வயித்துல ஒண்ணு கீது. அதுக்கும் சேத்து ஒண்ணு போதுமா? டாக்டரு இன்னா சொன்னாரு?"

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"மாசமானா மொதல்ல சொல்லணும்னாரு," என்றாள் பொன்னி.

"யார்கிட்ட?"

"பாக்குறவங்ககிட்ட."

"சொன்னியா?"

பொன்னி தலையைக் குனிந்தாள். புடவை ஓரம் விலகி முழங்காலுக்குக் கீழே தெரிந்தது. கொஞ்ச நாளாகவே கொலுசு இறுக்கிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு என்று நினைத்திருந்தாள். யாரும் கவனிக்காதபோது கட்டைவிரலைக் கணுக்காலுக்கு மேலே வைத்து அழுத்தினாள். எடுத்தாள்.

குழி அங்கேயே இருந்தது.

நிமிர்ந்தபோது மாறன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைவிட அந்தக் குழி என்னவென்று தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. அவன் சட்டையைக் கீழே இறக்கிவிட்டுச் சாவியை எடுத்தான்.

"பஸ்ஸெல்லாம் வேணாம். ஏறு. மொதல்ல அந்த நர்ஸம்மாகிட்ட போய் சொல்லணும்," என்றான்.

ஆட்டோ புறப்படும்போது ஜோதியம்மாள் ஏறுவாளா என்று யாருக்கும் தெரியவில்லை. மலை நிழல் சந்து முழுக்க இறங்கியிருந்தது. அவள் சந்திரம்மாளைத் திரும்பிப் பார்க்காமல் வந்து, பொன்னிக்குப் பக்கத்தில் இடம்விட்டு உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் அந்த இடம் அப்படியே இருந்தது. வேட்டவலம் பக்கம் மின்னியது, மழை வரவில்லை.

நர்ஸ் வேதா குடியிருப்பு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இன்னாம்மா, வர வாரம்தானே வரச் சொன்னேன்?" என்று எழுந்தார்.

பொன்னி உட்காருவதற்கு முன்பே சொன்னாள். "எனக்கு ஒரு கிட்னிதாங்க. இன்னொண்ணு எங்கண்ணனுக்குக் குடுத்துட்டேன். அந்தத் தையல்தான் அது."

வேதா கீரைக்கட்டைக் கீழே வைத்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. காலைப் பார்த்தார். கொலுசைப் பார்த்தார். உள்ளே போய்க் கருவியை எடுத்துவந்து கையில் பட்டையைச் சுற்றினார். "பேசாத. மூச்ச சாதாரணமா வுடு."

காற்று ஏறியது. பாதரசம் மேலே போய் நின்று, மெல்ல இறங்கியது. வேதா காதிலிருந்த குழாயை எடுக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோங்க?" என்று கேட்டது ஜோதியம்மாள். அவள் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று பொன்னிக்குத் தெரியவில்லை. அத்தையின் கை அவள் தோளில் இருந்தது. அது தாங்குகிறதா, பிடித்துவைத்திருக்கிறதா என்றும் தெரியவில்லை.

வேதா வாசலில் நின்ற மாறனிடம், "வண்டிய அணைக்காத, ஓடட்டும்," என்றார். பிறகு பட்டையைச் சரிசெய்து, மறுபடியும் முதலிலிருந்து காற்றடித்தார்.